வற்றாத கலமும் வகுத்த விதியும்

அள்ள அள்ளக் குறையாத கலத்தைக் கற்பனையில் கண்ட நம் முன்னோர், அதனை விதியின்றி எவர் கையிலும் ஒப்படைத்தாரல்லர். கலத்தின் வியப்பைக் காட்டிலும் அதற்கு வகுத்த விதியே அவர்தம் உள்ளத்தை நன்கு உணர்த்துகிறது.

சிங்கப்பூர்த் தமிழர் நன்கறிந்த சான்று ஒன்றுண்டு. ஆண்டுதோறும் தீமிதித் திருவிழாவின்போது, சிராங்கூன் சாலை ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து புறப்படும் அடியார்கள், 1827இல் தோன்றிய ஸ்ரீ மாரியம்மன் கோயிலை அடைந்து தீக்குழி இறங்குவர். அவ்விழா திரௌபதி அம்மனுக்கு உரியது. வனவாசத்தில் கதிரவன் தருமனுக்கு ஈந்த அட்சய பாத்திரம், அன்றன்று திரௌபதி உண்ணும்வரையே உணவு சுரக்கும்; அவள் உண்டபின் மறுநாள்வரை சுரவாது. ஆகவே, எல்லாரையும் உண்பித்த பின்னரே அவள் உண்டாள். உணவளிப்பவள் இறுதியில் உண்ணும் இல்லற ஒழுக்கமே ஈண்டு விதியாயிற்று.

இதனினும் விரிவான வரலாறு உடையது மணிமேகலையின் அமுதசுரபி. சீத்தலைச் சாத்தனார் அதன் வரலாற்றுக்கென்றே ‘பாத்திர மரபு கூறிய காதை’ என ஒரு காதை வகுத்தார். மதுரையில் இரந்து பெற்ற உணவால் ஏழையரை ஊட்டிவந்த ஆபுத்திரனுக்குச் சிந்தாதேவி அக்கலத்தை அளித்தாள். எத்துணைப் பேர்க்கு இட்டாலும் அது குறையாது. ஆயின் இந்திரன் மழை பொழிவிக்கவே, பாண்டிய நாட்டில் வளம் பெருகியது. பசித்து வருவோர் இலராயினர். நிறைந்த கலம் பயனற்றுப் போயிற்று.

சாவக நாட்டில் பஞ்சம் எனக் கேட்ட ஆபுத்திரன் கப்பலேறினான். இடையில் மணிபல்லவத் தீவில் அவன் இறங்கியிருக்க, கப்பல் அவனை விட்டுச் சென்றது. பலரை ஊட்டும் கலத்தால் தன் ஒரு வயிற்றை நிரப்ப அவன் மனம் இசையவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை வெளிப்படுக, அருளுடையோர் கையில் சேர்க எனக் கூறிக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாது உயிர் நீத்தான். பின்னர் அது மணிமேகலையை அடைந்தது. கற்புடைய ஆதிரை முதற் பிச்சை இட்டாள். அதன்பின் காயசண்டிகையின் யானைத்தீ தணிந்தது; சிறைக்கோட்டம் அறக்கோட்டமாயிற்று.

அண்மைக் காலத்திலும் இத்தகைய கற்பனை ஓய்ந்திலது. 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோரின் படைப்பாக வெளிவந்த ‘டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில் ஒரு மாயப் பை உண்டு. 2014ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, அப்பை 500 பவுண்டு எடையும் 64 கன அடி அளவும் உள்ள பொருள்களைக் கொள்ளும்; ஆயினும் சுமப்பவர்க்கு 15 பவுண்டே கனக்கும். அளவு மீறினாலோ துளைபட்டாலோ அது கிழிந்தழியும். உள்ளிருந்தவை வேற்றுலகில் சிதறும். ஈட்டிய பொருளைச் சுமந்து திரியும் வீரர்க்கு ஏற்ற விதி அது. அமுதசுரபியோ எடையும் பருமனும் கேட்பதில்லை. கொடுப்பவர் அருளையும் பெறுபவர் பசியையுமே கேட்கிறது.

லிட்டில் இந்தியாக் கோயில்களில் அன்னதானம் காணும் இளையோர்க்கு இவ்வரலாற்றைச் சொல்லும் ஆசிரியர், கலத்தின் வியப்போடு நில்லாமல் ஆபுத்திரன் கப்பலேறிய காரணத்தையும் சொல்லுதல் வேண்டும். தன் ஊரில் பசி தீர்ந்ததும் அவன் கலத்தைப் பூட்டி வைத்திலன். பசியுள்ள ஊரைத் தேடிப் புறப்பட்டான். வளம் பெற்ற நகரத்தார் கற்கவேண்டிய பாடம் அதுவே.