சட்டையில் குத்திய சீட்டு

இரவோடு இரவாகக் குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு யோசேப்பு எகிப்துக்குப் புறப்பட்டதை மத்தேயு நற்செய்தியில் வாசிக்கிறோம். கைக்குழந்தைக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் விவரம் அறியத் தொடங்கிய பிள்ளையிடம், நாளை முதல் நீ வேறொருவர் வீட்டில் வாழ்வாய் என்று எவ்வாறு சொல்வது? 1939 செப்டம்பர் முதல் நாள் இங்கிலாந்தின் தாய்மார் பலர் இக்கேள்வியின் முன் நின்றனர்.

வான்குண்டுக்கு அஞ்சி, நகரத்துப் பிள்ளைகளை நாட்டுப்புறத்துக்கு அனுப்பும் திட்டம் அன்று தொடங்கிற்று. பள்ளிப் பிள்ளைகளும் கைக்குழந்தையுடைய தாய்மாருமாகச் சில நாள்களில் ஏறக்குறைய 15 இலட்சம் பேர் இடம்பெயர்ந்தனர். தோளில் நச்சுப்புகை முகமூடிப் பெட்டி. சட்டையில் பெயர் எழுதிய சீட்டு. விடுமுறைக்குப் போகிறாய் என்று சொல்லியே பிள்ளைகளை வண்டியேற்றிய பெற்றோரும் உண்டு. அரசு இத்திட்டத்துக்கு இட்ட பெயர், ஹாமலின் நகரத்துக் குழலூதியின் பெயர். ஊர்ப் பிள்ளைகளை அழைத்துச் சென்று திரும்பக் கொணராதவன் அவன்! அக்கதையை இறுதிவரை படித்தவர் அந்த அலுவலகத்தில் எவரும் இல்லை போலும்.

போய்ச் சேர்ந்த ஊர்கள் பலவற்றில் பிள்ளைகளைப் பொதுக்கூடத்தில் நிறுத்தி வைத்தனர். ஊரார் வந்து தமக்குப் பிடித்தவர்களைத் தேர்ந்துகொண்டனர். ஒரு பிள்ளையை ஏற்போர்க்கு வாரம் 10 ஷில்லிங் 6 பென்ஸ் உதவித்தொகை. கடைசிவரை எவரும் அழைக்காத பிள்ளையின் உள்ளம் என்ன பாடுபட்டிருக்கும்!

இந்நிகழ்ச்சியின் தடம் சிறுவர் இலக்கியத்தில் ஆழப் பதிந்துள்ளது. சி. எஸ். லூயிஸ் 1950இல் வெளியிட்ட முதல் நார்னியா நூலின் நான்கு பிள்ளைகள் இவ்வாறு அனுப்பப்பட்டவர்களே. லூயிசின் ஆக்ஸ்ஃபோர்டு வீட்டிலேயே இத்தகைய சிறுமியர் தங்கியிருந்தனர். மைக்கேல் பாண்ட் என்பார் ரெடிங் இரயில் நிலையத்தில் தாம் கண்ட பிள்ளைகளை மறக்கவில்லை. 1958இல் அவர் படைத்த பாடிங்டன் என்னும் கரடிக்குட்டி, கழுத்தில் சீட்டும் கையில் பெட்டியுமாக இலண்டன் நிலையத்தில் தனியே நிற்கிறது.

இவ்விருவரும் வந்தவர்களைப் பார்த்தவர்கள். நீனா பாடன் வந்தவர்களுள் ஒருவர். சிறுமியாய்த் தெற்கு வேல்சில் அயலார் வீடுகளில் வாழ்ந்த அவர், அந்த அனுபவத்தை வைத்து 'கேரியின் போர்' எழுதியது 1973இல்தான். பட்டவர் பேசுவதற்கு 34 ஆண்டுகள் தேவைப்பட்டிருக்கின்றன.

கேரியும் தம்பி நிக்கும் ஒரு கடைக்காரரின் வீட்டில் சேர்கின்றனர். அடிக்கடி மேலே ஏறினால் படிக்கட்டு விரிப்புத் தேய்ந்துவிடும் என்று தடுக்கும் மனிதர் அவர். அவரைக் கொடியவர் என்று நம்மால் வெறுக்கவும் முடியவில்லை, தனிமையால் இறுகிப்போனவர். பிள்ளைகளுக்கு ஆறுதல் தருவது ஹெப்சிபா என்னும் பணிப்பெண்ணின் அடுக்களை. அவ்வீட்டில் பழைய மண்டையோடு ஒன்று உண்டு. அதனை வெளியேற்றினால் வீடு அழியும் என்பது கதை. ஹெப்சிபாவை அங்கிருந்து வெளியேற்றப்போகிறார்கள் என்றறிந்த கேரி, ஆற்றாமையால் அதனைக் குளத்தில் எறிந்துவிடுகிறாள். ஊரைவிட்டுப் போகும்போது, இரயிலிலிருந்து பார்க்கிறாள்: அவ்வீடு எரிகிறது.

தன்னால்தான் எல்லாரும் இறந்தனர் என்று அவள் நம்புகிறாள். மாற்றத்தின் காரணத்தைப் பெரியவர்கள் சொல்லாதபோது குழந்தை தானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொள்கிறது. பெரும்பாலும் அந்தக் காரணம் தானேதான். தந்தை வெளியூர் போனாலும், பாட்டி இறந்தாலும், 'நான் செய்த குறும்பினாலா?' என்று கலங்கும் பிள்ளைகள் நம் இல்லங்களிலும் உள்ளனர். புதிய சூழலுக்குப் பழகிக்கொள் என்று அறிவுரை கூறும் கதைகள் ஏராளம். இந்தக் கலக்கத்தைத் தொட்டவை சிலவே.

முப்பது ஆண்டுகள் கழித்துக் கணவரை இழந்த தாயாய், தன் மக்களோடு கேரி அவ்வூருக்கு வருகிறாள். அந்த வீட்டுக்கு இறங்கிச் செல்ல அவளுக்குத் துணிவில்லை. பிள்ளைகளே போய்ப் பார்க்கின்றனர். ஹெப்சிபா அங்கே உயிரோடு இருக்கிறாள்.