20 முத்துகள், ஒரு ‘ஸ்கீ-வீ’... கமலா ஹாரிஸின் காலேஜ் சகோதரிகள் கதை!

2021 ஜனவரி 20. அமெரிக்கத் துணை அதிபராகக் கமலா ஹாரிஸ் பதவியேற்றபோது, அவர் கழுத்தில் இருந்த முத்து மாலையை கவனிச்சீங்களா? அன்றைக்கு அமெரிக்கா முழுக்கப் பல பெண்கள் தாங்களும் முத்து மாலை போட்டுக்கொண்டுதான் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். ஃபேஷனுக்காக இல்லைங்க. அதுக்குப் பின்னால் 100 வருஷத்தைத் தாண்டிய ஒரு காலேஜ் கதை இருக்கு.

அதென்ன சொராரிட்டி?

லத்தீனில் ‘சொரோர்’ என்றால் சகோதரி. அதிலிருந்து வந்ததுதான் ‘சொராரிட்டி’. அமெரிக்கக் கல்லூரி மாணவிகளின் சங்கம். பெயர் பெரும்பாலும் கிரேக்க எழுத்துகளில் இருக்கும். ஆனால், 1900களின் தொடக்கத்தில் வெள்ளையின மாணவிகளின் சொராரிட்டிகளில் கறுப்பின மாணவிகளுக்கு இடமில்லை. அப்போது அவர்களுக்குக் கல்லூரிப் படிப்பே எட்டாக்கனி.

16 பேர் போட்ட விதை

வாஷிங்டனில் உள்ளது ஹோவர்டு பல்கலைக்கழகம் (ஹார்வர்டு இல்லைங்க, ஹோவர்டு!). கறுப்பின மாணவர்களுக்குப் பெயர்பெற்ற இந்தக் கல்வி நிலையம் 1867-ல் தொடங்கியது. இங்கே எத்தல் ஹெட்ஜ்மேன் என்ற மாணவியின் முயற்சியால், 1908 ஜனவரி 15 அன்று ‘ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா’ பிறந்தது. சுருக்கமாக ஏ.கே.ஏ. கறுப்பினக் கல்லூரிப் பெண்களின் முதல் கிரேக்க எழுத்து சொராரிட்டி இதுதான். நிறுவனர்களாகப் போற்றப்படுபவர்கள் 16 பேர். 1913-ல் சங்கத்தைச் சட்டப்படி பதிவு செய்த 4 பேரையும் சேர்த்தால் 20. அந்த ‘20 முத்துகள்’தான் முத்து மாலையின் ரகசியம்!

தோழிகளுக்குள் ஒரு சண்டை

அந்தப் பதிவுக்குப் பின்னால் ஒரு பெரிய மனஸ்தாபம் உண்டு. 1912-ல் படித்துக்கொண்டிருந்த உறுப்பினர்களில் ஒரு பிரிவு, பெயர், நிறம் எல்லாவற்றையும் மாற்றி, சமூகப் பிரச்னைகளில் இன்னும் தீவிரமாக இறங்கணும்னு விரும்பியது. முன்னாள் மாணவியான நெல்லி குவாண்டர் இதற்குச் சம்மதிக்கவில்லை. விளைவு, 22 பேர் பிரிந்துபோய் 1913 ஜனவரியில் ‘டெல்டா சிக்மா தீட்டா’வைத் தொடங்கினார்கள். ஏ.கே.ஏ-வுக்கு இளஞ்சிவப்பும் பச்சையும் என்றால், டெல்டாவுக்குக் கருஞ்சிவப்பும் க்ரீமும். அதே ஆண்டு மார்ச் 3 அன்று வாஷிங்டனில் நடந்த பெண்கள் வாக்குரிமைப் பேரணியில் நடந்ததுதான் டெல்டா பெண்களின் முதல் பொது நிகழ்வு.

கூப்பாடு மட்டுமல்ல, வேலையும்!

ஏ.கே.ஏ பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தால் ‘ஸ்கீ-வீ’ என்று கீச்சுக் குரலில் கூவுவார்கள். வரிசையாகத் தாளம் பிசகாமல் ஆடிச் செல்லும் ‘ஸ்ட்ரோல்’ இன்னொரு அடையாளம். சங்கத்தின் சின்னம் ஐவி இலை. பட்டம் வாங்கிய பிறகும் உறவு முடியாது, ஆயுள் முழுக்க சகோதரிகள்தான்.

ஆனா, பாட்டும் ஆட்டமும் மட்டும்னு நினைச்சுடாதீங்க. 1935 முதல் 1942 வரை ஒவ்வொரு கோடையிலும் மிசிசிப்பியின் ஏழைக் கறுப்பினக் குடும்பங்களுக்கு மருத்துவ முகாம் நடத்தினார்கள். தோட்ட முதலாளிகள் தொழிலாளர்களை முகாமுக்குப் போக விடவில்லை. இவர்கள் சும்மா இருக்கவில்லை. கார்களில் மருந்தை ஏற்றிக்கொண்டு தோட்டங்களுக்கே போய்த் தடுப்பூசி போட்டார்கள்.

கறுப்புப் பக்கமும் உண்டு

புதிதாகச் சேருபவர்களைச் சீனியர்கள் வாட்டி எடுக்கும் ‘ஹேஸிங்’, அமெரிக்க மாணவர் சங்கங்களின் தீராத தலைவலி. நம்ம ஊர் ராகிங் மாதிரிதான். உயிரிழப்பு வரை போன சம்பவங்களும் உண்டு. பழைய ‘பிளெட்ஜிங்’ பயிற்சி முறையைக் கறுப்பினச் சங்கங்கள் 1990-ல் கைவிட்டன. ஆனாலும் புகார்கள் ஓயவில்லை. சகோதரி ஆவதற்கு அவமானப்படணுமா என்ற கேள்வி இன்றும் அங்கே கேட்கப்படுகிறது.

துளசேந்திரபுரம் டு ஹோவர்டு

கமலாவின் தாய் சியாமளா கோபாலன் தமிழ்ப்பெண். தாத்தாவின் பூர்வீகம் திருவாரூர் மாவட்டத்தின் துளசேந்திரபுரம். ஹோவர்டில் படித்த கமலா, 1986-ல் ஏ.கே.ஏ உறுப்பினரானார். 2020 தேர்தலின்போது அவரின் சகோதரிகள் பலர் பிரசாரத்துக்கு அனுப்பிய நன்கொடை எவ்வளவு தெரியுமா? சரியாக 19.08 டாலர். 1908-ஐத்தான் அப்படி நினைவுகூர்ந்தார்கள்!

2024 அதிபர் தேர்தலில் தோற்ற மறுநாள், தோல்வியை ஏற்று கமலா பேசியதும் அதே ஹோவர்டு வளாகத்தில்தான். ஜெயிச்சாலும் தோத்தாலும் திரும்பிப் போக ஒரு இடம் வேணும்ல?