கூடம் தேடிய இருவர்

கச்சேரிக்குப் பாடகரும் பக்கவாத்தியமும் வேண்டும் என்பதை யாவரும் அறிவர். அவற்றிற்கு முன்பாக ஒரு கூடம் வேண்டும் என்பதைத் தமிழகத்திற்கு அப்பால் குடியேறி வாழும் நாம் பட்டறிந்திருக்கிறோம். அமெரிக்கத் தலைநகராகிய வாஷிங்டனில் 2001-ஆம் ஆண்டில் தோன்றிய ‘தி ஈவன்ஸ்’ என்னும் ராக் இசைக் குழுவின் வரலாறும் ஒருவகையில் கூடம் தேடிய வரலாறேயாகும்.

அக்குழுவினர் இருவரே: இயன் மெக்காய், எமி ஃபரீனா. இருவரும் இசையுலகிற்குப் புதியவர் அல்லர். ஃபரீனா 1990-களில் ‘தி வார்மர்ஸ்’ என்னும் குழுவில் டிரம்ஸ் வாசித்தவர். அதில் பாடியவர் மெக்காயின் தம்பி அலெக். மெக்காயின் கதையோ நீண்டது.

அவர் இளைஞராயிருந்த காலத்தில் ராக் கச்சேரிகள் பெரும்பாலும் மது விற்கும் விடுதிகளிலேயே நடைபெற்றன. குடிப்பதற்குரிய வயது நிரம்பாதவர், பாட்டுக் கேட்க மட்டுமே வந்தாலும், வாயிலிலேயே நிறுத்தப்பட்டனர். 1980-இல் அவருடைய ‘டீன் ஐடில்ஸ்’ குழு சான் பிரான்சிஸ்கோ சென்றது. அங்கே ஒரு விடுதியார் இளைஞரை விரட்டவில்லை. மது வழங்கலாகாது என்பதற்கு அடையாளமாகப் புறங்கையில் பெருக்கற்குறி ஒன்றை மையால் இட்டு உள்ளே விட்டனர். அவ்வழக்கத்தை அவர்கள் வாஷிங்டனுக்குக் கொண்டு வந்தனர். தடையின் அடையாளமாக இடப்பட்ட குறி, நாளடைவில் மதுவை மறுத்த இளைஞரின் கொடியாயிற்று!

அவ்வாண்டிலேயே குழு கலைந்தது. கச்சேரிகளில் சேர்ந்த பணத்தை அவர்கள் பங்கிட்டுக்கொள்ளவில்லை. அதைக்கொண்டு தங்கள் பாடல்களை இசைத்தட்டாக்கினர். ‘டிஸ்கார்ட்’ என்னும் நிறுவனம் பிறந்தது இங்ஙனமே. பின்னர் ‘மைனர் திரெட்’ வந்தது. 1987-இல் ‘ஃபுகாஸி’ வந்தது. ஃபுகாஸியின் கச்சேரிக்கு எவ்வயதினரும் வரலாம். கட்டணம் பெரும்பாலும் 5 டாலரே. ஆயின் அதன் ஓசை பெரிது. பெரிய ஓசைக்குப் பெரிய ஒலிபெருக்கிகள் வேண்டும். அவற்றைத் தாங்கும் அரங்கு வேண்டும். அத்தகைய அரங்குகளோ பெரும்பாலும் மதுவிற்பனையை நம்பி நிற்பவை.

இம்முடிச்சை ஈவன்ஸ் அவிழ்த்த விதம் எளியது. ஓசையைக் குறைத்தனர். ஒலிபெருக்கியையும் விளக்குகளையும் தாமே சுமந்து சென்றனர். நூலகம், புத்தகக்கடை, சமூகக்கூடம், ஓவியக்கூடம் என மது விற்காத இடங்களில் அமர்ந்து வாசித்தனர். மெக்காயின் கையிலிருந்தது பாரிட்டோன் கிடார். சாதாரண கிடாரினும் தாழ்ந்த சுருதியுடைய அக்கருவி, குழுவில் பேஸ் கிடார் இல்லாத குறையை ஓரளவு நிரப்பிற்று. ஃபரீனா டிரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடினார். இருவர் குரலும் ஒன்றையொன்று மறித்தும் தழுவியும் சென்றன. ஃபுகாஸியின் முழக்கத்திற்குப் பழகிய செவிக்கு இவ்விசை முதலில் மெலிந்ததாகத் தோன்றலாம். நமக்கும் அவ்வாறே தோன்றியது. இரண்டாம் முறை கேட்கும்போதுதான், முழக்கத்தில் மறைந்துபோகும் சொற்கள் இங்கே ஒவ்வொன்றாகத் தெளிந்து விழுவதை உணர்ந்தோம். அச்சொற்களில் அரசியல் சினம் சற்றும் தணிந்திருக்கவில்லை.

2005, 2006, 2012 ஆகிய ஆண்டுகளில் அவர்களுடைய மூன்று ஆல்பங்களும் டிஸ்கார்ட் வழியாகவே வெளிவந்தன. பின்னர் ஃபுகாஸியில் பேஸ் கிடார் வாசித்த ஜோ லாலி வந்து சேர, இருவர் மூவராயினர். ‘கோரிக்கி’ என்னும் புதுப்பெயரோடு 2020-இல் ஓர் ஆல்பம் அளித்தனர்.