பழைய காரில் பிரேக் பெடல் ஆழமா போகுதா? முதலில் கேபிளைத் தொடாதீங்க!

பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். மாருதி 800-ல் பின்சக்கரங்களில். லைனிங் தேயத் தேய, ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி கூடும். பெடல் ஆழமா போகும், ஹேண்ட்பிரேக்கும் ரொம்ப மேலே வரும்.

பலரும் உடனே ஹேண்ட்பிரேக் கேபிளை டைட் செய்கிறார்கள். இது தவறு. ஷூ முழுசா பின்வாங்காமல் உரசும், டிரம் சூடாகும்.

சரியான வரிசை என்ன?

1. சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். ஹேண்ட்பிரேக்கை விடுவித்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள்.
2. சக்கரம் சுற்றாத வரை அட்ஜஸ்டரை இறுக்கி, தாராளமாகச் சுற்றும் வரை மட்டும் தளர்த்துங்கள். பெடலைச் சில முறை மிதித்து, மறுபடி சுற்றிப் பாருங்கள்.
3. கேபிள் கடைசியில்தான்.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் வகையா? அதுவும் துருப்பிடித்தால் நின்றுவிடும்.

பெடல் சொல்வது என்ன?

● இரண்டு மூன்று முறை மிதித்தால் உயருதா? இடைவெளி அதிகமாக இருக்கலாம்.
● ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்குதா? பைப்பில் காற்று இருக்கலாம்.
● மிதித்துப் பிடித்தாலும் மெல்ல இறங்குதா? ஆயில் கசிவு அல்லது மாஸ்டர் சிலிண்டர் கோளாறு. இதை அட்ஜஸ்ட்மென்ட் தீர்க்காது, வண்டியை எடுக்காதீங்க.

டிரம்மைக் கழற்றினால் தூசியை ஊதாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடையுங்கள்.