மூன்று நிமிடத்துக்கு ஒரு பாகை

வேளச்சேரி ஏரிக்கரைப் பக்கம், ஒரு மொட்டைமாடிக் கொட்டகையில் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். பாடப்புத்தகத்தின் முதல் அலகே நிலைமின்னியல். கூலூம் விதி அதில்தான் வருகிறது. ஒரு ஐப்பசி மாலை, திருப்புதல் வகுப்பில், சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளுக்கு மேலே பிடித்தேன். ஒரு துணுக்குகூட அசையவில்லை. இந்தப் பக்கம் ஏரி, அந்தப் பக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பு, மேலே மழை மூட்டம். மூன்று முறை தேய்த்தும் பலனில்லை. “சார், இந்த விதி நம்ம ஊருக்குப் பொருந்தாதா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள்.

அதற்குப் பதில் கூலூமே எழுதிவைத்திருக்கிறார். ஆகவே விதி பிறந்த கதையைச் சொன்னேன்.

சார்ல் அகுஸ்தீன் தெ கூலூம் 1736-இல் பிறந்த பிரெஞ்சு ராணுவப் பொறியாளர். 1764 முதல் 1772 வரை மார்த்தினீக் தீவில் கோட்டை கட்டி, உடம்பு கெட்டு ஊர் திரும்பினார். மண் சுவரை எவ்வளவு தள்ளும், தூண் எந்தப் பாரத்தில் ஒடியும் என்பவைதான் அவருடைய கணக்குகள். மின்சாரத்துக்கு அவர் வந்து சேர்ந்தது ஒரு கம்பியின் வழியாக. நல்ல திசைகாட்டி செய்வது எப்படி என்று பாரிஸ் அறிவியல் கழகம் வைத்த போட்டியில் 1777-இல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். முனைமேல் உட்காரும் காந்த ஊசி உராய்வில் சிக்கும். அதை இழையில் தொங்கவிடலாம் என்றார். தொங்கவிட்டால் இழை முறுக்கிக்கொள்ளுமே? ஊஞ்சலைச் சுற்றி முறுக்கிவிட்டால் அது தானே திரும்புகிறதே, அந்தத் திருப்பும் விசைக்கு அளவு என்ன? 1784-இல் விடை சொன்னார். கம்பி எதிர்ப்பது முறுக்கிய கோணத்துக்கு நேர்விகிதத்தில்; தடிமன் இரண்டு மடங்கானால் எதிர்ப்பு 16 மடங்கு. அப்படியென்றால் தலைமுடி போன்ற ஒரு கம்பியே தராசு.

தூரத்தின் இருமடிக்கு ஏற்ப மின்விசை குறையும் என்று 1767-லேயே பிரீஸ்ட்லி ஊகித்திருந்தார். கேவண்டிஷ் சில ஆண்டுகளில் சோதித்தும் பார்த்தார், ஆனால் அச்சிடவில்லை. மாக்ஸ்வெல் 1879-இல் வெளியிட்ட பிறகுதான் அது உலகுக்குத் தெரிந்தது. விசையை நேராக நிறுத்துக் காட்டியது கூலூமின் தராசு.

1785. ஒரு கண்ணாடி உருளை. அதன்மேல் எழும்பிய குழாயிலிருந்து 28 அங்குல வெள்ளிக் கம்பி தொங்குகிறது. கீழே அரக்கு பூசிய மெல்லிய தண்டு ஒன்று படுக்கைவாட்டில். அதன் ஒரு முனையில் செடித்தண்டின் உள்சோற்றில் செய்த சின்ன உருண்டை. நம் தஞ்சாவூர் நெட்டி வேலையில் வருமே, அந்த மாதிரிப் பஞ்சு எடை. கம்பியை ஒரு முழுச் சுற்று முறுக்க, நான்கு அங்குல நெம்புகோல் முனையில் ஒரு மில்லிகிராமில் சுமார் ஆறில் ஒரு பங்கு எடை போதும். நிலையான இன்னோர் உருண்டை அதைத் தொட்டபடி இருக்கிறது. அரக்குக் குச்சியில் செருகிய குண்டூசியின் தலையில் மின்னேற்றி, உள்ளே நுழைத்து இரண்டையும் தொடுகிறார். உருண்டைகள் 36 பாகை விலகி நிற்கின்றன. முறுக்கும் 36.

மேலே கம்பியைப் பிடித்திருக்கும் குமிழை 126 பாகை திருப்பி நெருக்கினார். இடைவெளி 18 ஆனது. மொத்த முறுக்கு 144. தூரம் பாதி, விசை நான்கு மடங்கு. குமிழை 567 வரை திருப்பினார். இடைவெளி எட்டரை, முறுக்கு 575½. தூரம் ஏறக்குறைய கால்பங்கு, விசை ஏறக்குறைய 16 மடங்கு. அவர் அச்சில் கொடுத்தது இந்த மூன்று அளவுகளைத்தான்.

அடுத்து அவர் எழுதிய வரியைத்தான் பிள்ளைகளிடம் இரண்டு தடவை சொன்னேன். அன்று உருண்டைகளின் மின்னூட்டம் கசிந்து, அவை மூன்று நிமிடத்துக்கு ஒரு பாகை வீதம் நெருங்கினவாம். மூன்று அளவுகளையும் இரண்டே நிமிடத்தில் எடுத்துவிட்டதால் அந்தப் பிழையை விட்டுவிடலாம் என்கிறார். கவர்ச்சி விசைக்குச் செய்த சோதனையில் கசிவை அப்படி விட முடியவில்லை. மின்னேற்றிய கோளத்தின் முன் ஒரு சிறு ஊசியை ஆடவிட்டு, 15 அலைவுகளுக்கான நேரத்தை எண்ணினார். மூன்று தூரங்களில் 20, 41, 60 விநாடி வந்தது; விதிப்படி 20, 40, 54 வரவேண்டும். கடைசி எண்ணில் இருந்த வித்தியாசத்துக்குக் கசிவையே காரணம் காட்டினார். பிறகு, ஈரக் காற்றிலும் தாங்கியின் வழியாகவும் மின்னூட்டம் எவ்வளவு போகிறது என்பதற்கென்றே தனியாக ஒரு கட்டுரை எழுதினார். எங்கள் சீப்பு தோற்ற காரணம் முழுக்க அதில் இருக்கிறது.

இந்தத் தராசைத் திரும்பச் செய்துபார்த்த ஜெர்மானியர் பீட்டர் ஹேரிங், கூலூமின் எண்கள் தமக்கு வரவில்லை என்று 1992-இல் எழுதினார். 2006-இல் அமெரிக்காவில் ஆல்பெர்ட்டோ மார்ட்டினெஸ் பொறுமையாகச் செய்து, கூலூமுக்கு நெருக்கமான எண்களே வருவதாகக் காட்டினார். பக்கத்தில் நிற்கும் ஆளின் உடம்பு மின்னூட்டம்கூடத் தராசின் தண்டை அலைக்கழிக்கும் வேலை இது. எனக்கு மார்ட்டினெஸ் பக்கம்தான் நம்பிக்கை. கசிவை ஒளிக்காமல் எழுதியவர் எண்களைச் சமைத்திருப்பார் என்று தோன்றவில்லை.

கூலூம் என்ற அலகே 1881-இல்தான் வந்தது. நாம் மனப்பாடமாகச் சொல்லும் 900 கோடி என்ற மாறிலி அவரிடம் இல்லை. அது நம்மிடம் இருக்கிறது. பங்குனியில் ஒரு நண்பகல், ஏரிக் காற்று திரும்புமுன், அலுமினியத் தாள் சுற்றிய இரண்டு தெர்மகோல் உருண்டைகளை 30 செ.மீ. பட்டு நூலில் தொங்கவிட்டோம். ஒவ்வொன்றும் 0.1 கிராம். தேய்த்த குழாயால் தொட்டதும் 6 செ.மீ. விலகின. நூலின் சாய்வு பத்தில் ஒன்று. ஆகவே விசை, எடையில் பத்தில் ஒரு பங்கு, ஒரு நியூட்டனில் பத்தாயிரத்தில் ஒன்று. அதைத் தூரத்தின் இருமடியால் பெருக்கி, 900 கோடியால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் ஒவ்வோர் உருண்டையிலும் சுமார் 6 நானோகூலூம். ஏறக்குறைய 4,000 கோடி எலக்ட்ரான்கள்.

கணக்கை முடித்து நிமிர்ந்தபோது உருண்டைகள் சற்று நெருங்கியிருந்தன. அந்த மாணவி நோட்டில் தூரம், விசை என்று இரண்டு பத்தி போட்டிருந்தாள். பக்கத்தில் இன்னொரு கோடு கிழித்து, மேலே ‘நேரம்’ என்று எழுதினாள்.