கூலிக்கு அரைத்த மாவு

இட்லி மாவு கடைச்சரக்கானதற்குப் பாக்கெட் போடும் கம்பெனிகள்தான் காரணம் என்கிறார்கள். கோயம்புத்தூர்க்காரியான நான் இதை ஒப்புக்கொள்ள மாட்டேன். கம்பெனிகள் வருவதற்கு வெகுகாலம் முன்பே தெருவுக்கு ஒரு வீட்டில் அது நடந்து முடிந்துவிட்டது. எங்கள் தெருவில் அந்த வீடு எங்களுடையது.

ஆட்டாங்கல் காலத்தில் இட்லி தினப்படிப் பலகாரம் இல்லை. கொங்குக் கிராமங்களில் அன்றாடம் கம்பஞ்சோறு, சோளச்சோறு, ராகிக்களி. தீபாவளி வந்தாலோ விருந்தாளி வந்தாலோதான் இட்லி. அரிசி அரிதாக இருந்தது பாதிக் காரணம். மீதிக் காரணம் குழவி. ஒரு குடும்பத்துக்கு ஆட்டி எடுக்க ஒரு பெண்ணின் மத்தியானமே போய்விடும். அந்த உழைப்புக்கு யாரும் விலை போட்டுப் பார்த்ததில்லை.

1930களில் நீலகிரியிலிருந்து பைக்காரா நீர்மின்சாரம் கோவைக்கு வந்தது. பஞ்சாலைகள் பெருகின, அவற்றை ஒட்டி வார்ப்படப் பட்டறைகளும் பெருகின. 1937-இல் ஜி.டி.நாயுடு, டி.பாலசுந்தரம் முயற்சியில் மோட்டாரும் இங்கேயே தயாரானது. 1955-இல் பி.சபாபதி ஆட்டுக்கல்லை மோட்டாரோடு பூட்டினார். கையால் ஆட்டும்போது கல் நிற்கும், குழவி சுற்றும். கிரைண்டரில் கல் சுற்றும், குழவி நிற்கும். இந்தக் கல்லுக்கு ஊத்துக்குளிப் பக்கத்துக் கருங்கல் வாகாக இருந்தது. பின்னாளில் ‘கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்’ புவிசார் குறியீடும் பெற்றது.

ஆரம்பத்தில் அது ஓட்டல்களுக்கான இயந்திரம். விலையும் எடையும் வீட்டுக்குத் தாங்காது. என் அப்பா மில் தொழிலாளி. அவருடைய போனஸ் பணத்தை முன்பணமாகக் கட்டி, மீதியைத் தவணையில் அடைப்பதாகச் சொல்லி அம்மா ஒன்று வாங்கினார். சாயங்காலமானால் ஊறிய அரிசியும் உளுந்துமாகப் போசிகள் வாசலில் வரிசை கட்டும். படிக்கு இவ்வளவு என்று கூலி. "அக்கா, எம்போசிய முன்னால வெச்சுக்குங்க, காலைல ஷிப்டுக்குப் போகோணும்" என்பார்கள் மில்லுக்குப் போகிற பெண்கள். கரண்ட் போனால் வரிசை அப்படியே நிற்கும். கல்லில் ஒட்டிய மாவை வழித்துத் தரவில்லை என்று சண்டை வரும். சண்டையெல்லாம் சேர்த்துத்தான் சொல்கிறேன்: ஆட்டுகிற வேலைக்கு எங்கள் தெருவில் முதன்முதலாகக் காசு கிடைத்தது அப்போதுதான்.

பிறகு ஒருத்தி, "ஊற வெக்கக்கூட நேரமில்லீங்க்கா, நீங்களே போட்டு அரைச்சுக் குடுத்துருங்க" என்றாள். அம்மா சம்மதித்தார். அரைக்கும் கூலி மாவின் விலையாக மாறியது அந்த இடத்தில்தான்.

அதற்கப்புறம் எல்லாம் வேகம். பெட்டிக்கடையில் வாளியும் கரண்டியும் வந்தன, பிறகு பிளாஸ்டிக் கவர், பிறகு ஃபிரிட்ஜ். ஆடுதுறை 37 போன்ற குண்டு ரகங்கள் ‘இட்லி அரிசி’ என்றே தனியாக மூட்டையேறின. நகரமும் பெருகியது: 1951-இல் தமிழ்நாட்டில் நான்கில் ஒருவர்தான் நகரவாசி, 2011-இல் 48.4 சதவீதம். அதே 2011 செப்டம்பரில் அரசு விலையில்லா கிரைண்டர் கொடுக்கத் தொடங்கியபோது, பல வீடுகள் மாவை வாங்கிப் பழகிவிட்டிருந்தன. அந்தக் கிரைண்டரை வைத்தே அக்கம்பக்கத்துக்கு மாவு விற்ற பெண்களை எனக்குத் தெரியும். 2017-இல் இட்லி மாவுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதமா 5 சதவீதமா என்று டெல்லியில் பேசும் அளவுக்கு அது சரக்காகிவிட்டது.

இதில் முக்கியமாகக் கைமாறியது அளவுக் கணக்கு. கூலிக்கு அரைத்த காலம் வரை தானியம் வீட்டுக்காரியுடையது. எந்த அரிசி, எத்தனை உளுந்து, எவ்வளவு வெந்தயம் என்பதெல்லாம் அவள் கணக்கு. மாவாக வாங்கத் தொடங்கியதும் அந்தக் கணக்கு விற்பவர் கைக்குப் போனது. உளுந்துக்கு நாம் மியான்மரையும் நம்பியிருக்கிறோம். அதன் விலை ஏறும்போது மாவின் விலையை ஏற்றாமல் உளுந்தைக் குறைத்துவிடலாம். வாங்குகிறவளுக்குத் தெரிவது இட்லி கல்லாகிற அன்றைக்குத்தான்.

அதற்காக ஆட்டாங்கல்லுக்கே திரும்பிப் போகச் சொல்பவர்கள் பெரும்பாலும் குழவி பிடித்தறியாதவர்கள். என் அம்மா ஒரு நாளும் அப்படிச் சொன்னதில்லை. பாக்கெட்டில் தேதியும் விலையும் அச்சடிக்கிறவர்கள், எத்தனை பங்கு அரிசிக்கு எத்தனை பங்கு உளுந்து என்பதையும் சேர்த்து அச்சடித்தால் போதும்.