பாதத்துக்குப் பொருந்திய சப்பாத்து

சப்பாத்து என்ற சொல்லை நாம் போத்துக்கேயரிடமிருந்து பெற்றுக்கொண்டோம். மேசை, அலுமாரி, யன்னல், பாண் ஆகியவற்றோடு கப்பலேறி வந்த சொற்களுள் அதுவும் ஒன்று. சிங்கள மக்களும் சிறிய ஒலி மாற்றத்துடன் இதே சொல்லையே வழங்குகின்றனர். மலாய் மொழியிலும் அது உண்டு. போத்துக்கேயரின் கப்பல்கள் சென்ற துறைமுகங்களை அறிய வேண்டுமானால் இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்தாலே போதும். தமிழ்நாட்டில் 'ஷூ' என்றும் 'பூட்ஸ்' என்றும் சொல்லப்படுவதை இலங்கைத் தமிழர் இன்றும் சப்பாத்து என்றே அழைக்கின்றனர்.

சொல் கடல் கடந்து வந்தது என்பதனால் பாதணியே நமக்கு அந்நியமானது என்று எண்ணிவிடலாகாது. செருப்பு என்ற சொல் பழந்தமிழ் இலக்கியத்திலேயே இடம்பெற்றுள்ளது. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படை, வணிகரின் பாதணியைப் பாதத்தை மறைக்கும் அரண் என்று பொருள்படும் பெயரால் குறிப்பிடுகிறது. முள்ளும் கல்லும் நிறைந்த நெடுவழியில் நடப்பவனுக்குப் பாதணி ஓர் அரண்தான். பாதணியின் முதற் கடமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது.

பத்திரிகையாளன் கால்களால் பிழைப்பவன். புதுக்கடை நீதிமன்றங்களின் படிகளிலும், புறக்கோட்டையின் நெரிசலிலும், ஊர்வலங்களின் ஓரங்களிலும் பல ஆண்டுகள் நடந்தவன் என்ற முறையில் சப்பாத்தைப் பற்றி எனக்கும் சில அபிப்பிராயங்கள் உண்டு. அழகான சப்பாத்து, சுகமான சப்பாத்து ஆகிய இரண்டும் ஒன்றாகவே இருக்க முடியும் என்பது எனது உறுதியான நம்பிக்கை. ஆனால் வரலாற்றைப் புரட்டிப் பார்க்கையில், அந்த இரண்டும் சாதாரண மனிதனின் காலில் ஒன்றுசேர்வதற்கு மிக நீண்ட காலம் எடுத்தது என்பது புலனாகிறது. மிகப் பெரும்பாலான காலம் சப்பாத்து பாதத்துக்காகச் செய்யப்படவில்லை. அந்தஸ்துக்காகவே செய்யப்பட்டது.

நமது நாட்டிலிருந்தே தொடங்குவோம். 1660ஆம் ஆண்டு பிடிபட்டுக் கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயரான ரொபர்ட் நொக்ஸ், தப்பிச் சென்ற பின்னர் 1681இல் லண்டனில் தமது நூலை வெளியிட்டார். கண்டி மக்களின் உடையை விவரிக்கும் அவர், பிரதானிகள் உட்பட எல்லோரும் வெறுங்காலுடனேயே நடந்தனர் என்றும், சப்பாத்தும் காலுறையும் அரசனுக்கு மட்டுமே உரிய உடையாகக் கருதப்பட்டன என்றும் கூறுகிறார். பொன்னாலும் பட்டாலும் தம்மை அலங்கரித்துக்கொண்ட பிரபுக்கள்கூடப் பாதத்தை மறைக்கத் துணியவில்லை. ஒரு சோடிச் சப்பாத்து, ஏறத்தாழ முடியைப் போலவே, அரச சின்னமாக விளங்கியது.

மலைநாட்டு மன்னனின் ஆட்சி 1815இல் முடிவுற்றது. ஆயினும் யார் பாதணி அணியலாம், யார் அணியக்கூடாது என்ற விதி நமது மண்ணில் வேறு வடிவங்களில் நீடித்தது. யாழ்ப்பாணச் சமூகம் இதில் பெருமைப்படுவதற்கு ஒன்றுமில்லை. தாழ்த்தப்பட்டவர்கள் எனப்பட்ட மக்கள் தோளிலே சால்வை போடக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, காலிலே செருப்பு அணியக்கூடாது என்ற கட்டுப்பாடுகள் இருபதாம் நூற்றாண்டிலும் நமது கிராமங்களில் நிலவின. வெயிலில் கொதிக்கும் மணலிலே, கையிற் காசு இருந்தும், ஒரு மனிதன் செருப்பின்றி நடக்க வேண்டியிருந்தது. வாங்க வழியில்லாதவனின் வெறுங்கால் வறுமையின் அடையாளம். அணியத் தடுக்கப்பட்டவனின் வெறுங்கால் சமூகத்தின் குற்றம். இரண்டையும் ஒன்றாகக் கருதுதல் ஆகாது. சமூகக் குறைபாடுகளைத் தடுக்கும் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் நிறைவேற்றப்பட்டது என்பதை இங்கு நினைவுகூர்தல் தகும்.

ஆங்கிலேயரும் இந்த விடயத்தில் சளைத்தவர்கள் அல்லர். கிழக்கு நாட்டவர் மரியாதை செய்யும்போது பாதணியைக் கழற்றுவர், மேற்கு நாட்டவர் தொப்பியைக் கழற்றுவர். இந்த வேறுபாட்டை அவர்கள் ஆட்சிக் கருவியாக்கிக்கொண்டனர். இந்தியாவில் 1854இல், டல்ஹௌசி பிரபு ஆளுநர் நாயகமாக இருந்தபோது, ஐரோப்பிய முறையிலான சப்பாத்தை அணிந்த இந்தியக் கனவான்கள் அரச வைபவங்களில் அவற்றைக் கழற்றத் தேவையில்லை என்று அனுமதிக்கப்பட்டது. நாட்டுச் செருப்பு அணிந்தவரோ அதை வாசலிலே விட்டுத்தான் உள்ளே செல்லவேண்டும். ஆகவே, ஒருவர் காலில் இருந்த தோலின் தையல் முறையே அவருடைய தகுதியைத் தீர்மானித்தது.

பர்மாவில் இதே பிரச்சினை தலைகீழாக எழுந்தது. 1875இல் மண்டலேக்குச் சென்ற பிரித்தானியத் தூதர் சேர் டக்ளஸ் போர்சித், வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றிய பின்னரே மின்டோன் மன்னரைச் சந்தித்தார். அதன் பின்னர், தனது பிரதிநிதிகள் இவ்வாறு பாதணியைக் கழற்றக்கூடாது என்று பிரித்தானிய இந்திய அரசு முடிவு செய்தது. மன்னர் விட்டுக்கொடுக்கவில்லை. நேரடிச் சந்திப்புகள் நின்றுபோயின. பத்தாண்டுகளின் பின்னர் மூண்ட போருக்கு வேறு காரணங்கள் பல உண்டு. எனினும், மன்னரும் தூதரும் முகம் பார்த்துப் பேசும் வழி சப்பாத்தினால் அடைபட்டது என்பது வரலாற்றின் விசித்திரங்களில் ஒன்று.

ஆட்சியாளர் சப்பாத்தின் மரியாதை பற்றி விவாதித்துக்கொண்டிருந்த காலத்தில், அவர்களுடைய தோட்டங்களை வளப்படுத்திய மக்கள் வெறுங்காலுடன் மலையேறினர். தென்னிந்தியாவிலிருந்து வந்த நமது தோட்டத் தொழிலாளரை வாட்டிய நோய்களுள் கொழுக்கிப்புழு நோய் முக்கியமானது. அந்தப் புழுவின் குடம்பி ஈர மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுகிறது என்பதை ஆர்தர் லூஸ் என்ற விஞ்ஞானி கெய்ரோ நகரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே கண்டறிந்திருந்தார். இலங்கையில் றொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் கொழுக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1910களின் நடுப்பகுதியில் தோட்டங்களிலேயே ஆரம்பமாயிற்று. மருந்தும் மலசலகூடமும் அந்த இயக்கத்தின் பிரதான கருவிகளாக இருந்தன. ஆயினும், பாதத்துக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு தோல் துண்டு இருப்பதென்பது நாகரிகத்தின் விடயம் மட்டுமன்று, இரத்தத்தின் விடயமும்கூட என்பதை அந்த நோய் உணர்த்துகிறது.

இனி, சப்பாத்து அணியும் உரிமை பெற்றிருந்தவர்களாவது சுகமாக நடந்தார்களா என்று பார்ப்போம். அதுவும் இல்லை. ஐரோப்பாவில் ஏறத்தாழ 1600ஆம் ஆண்டளவில் உயர்ந்த குதி நாகரிகமாயிற்று. பாரசீகக் குதிரை வீரர், அங்கவடியில் கால் நழுவாதிருப்பதற்காக அணிந்த குதியிலிருந்து அந்த மோகம் பரவியது என்பது ஆய்வாளர் கூற்று. முதலில் அதனை அணிந்து மகிழ்ந்தவர்கள் ஆண்களே. பிரான்சிய மன்னன் பதினான்காம் லூயியின் அரசவையில் சிவப்புக் குதி பிரபுக்களின் அடையாளமாயிற்று. குதி வந்ததும் வலது கால், இடது கால் என வெவ்வேறு அச்சுகள் செய்வது செலவும் சிரமமும் மிகுந்த வேலையாயிற்று. ஆகவே சப்பாத்துத் தைப்போர் இரண்டு காலுக்கும் ஒரே வடிவான நேர் அச்சையே பயன்படுத்தினர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் ஐரோப்பியரின் சப்பாத்தில் வலமும் இல்லை, இடமும் இல்லை. நடந்து நடந்து பாதமே அதற்கு வடிவம் கொடுக்க வேண்டியிருந்தது. பாதம் பட்ட பாட்டைச் சொல்லவேண்டியதில்லை.

இதனை முதன்முதலில் அறிவியல் நோக்கில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் ஒல்லாந்து நாட்டு உடற்கூற்று அறிஞர் பீற்றர் கம்பர். சப்பாத்தின் மிகச் சிறந்த வடிவம் எது என்ற தலைப்பில் அவர் 1781இல் ஒரு நூலை வெளியிட்டார். அப்போது நமது கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தரின் வசமே இருந்தன. குதிரையின் குளம்புக்கு லாடம் அடிப்பதில் காட்டும் அக்கறையை மனிதன் தன் பாதத்தில் காட்டுவதில்லை என்பதே அவருடைய ஆதங்கம். பின்னர் 1850களில் சூரிச் நகரின் உடற்கூற்றுப் பேராசிரியர் ஹேர்மன் வொன் மேயர், பெருவிரல் குதிக்காலுடன் நேர்கோட்டில் அமைய வேண்டும், கூர்முனைச் சப்பாத்து அதை வளைத்து ஊனப்படுத்துகிறது என்று விளக்கினார். அதற்கிடையில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முதற்பாதியில், வலது இடது வேறுபாடு கடைகளுக்கு மெல்ல மெல்லத் திரும்பி வந்துவிட்டது.

சுகம் கிடைத்தது, விலைதான் எட்டாதிருந்தது. அந்தத் தடையை உடைத்தவர்களுள் ஒருவர், தென் அமெரிக்காவின் சுரினாமில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கறுப்பினத் தொழிலாளியான யான் மட்செலிகர். சப்பாத்தின் மேற்றோலை அச்சின் மீது இழுத்து அடித்தட்டுடன் பொருத்துவதே அந்தத் தொழிலில் மிகக் கடினமான வேலை. தேர்ந்த கைவினைஞர் ஒருவர் நாளொன்றுக்கு ஏறத்தாழ 50 சோடிகளையே முடிக்க இயலும். 1883இல் மட்செலிகர் காப்புரிமை பெற்ற இயந்திரம் அதனைப் பன்மடங்காக்கிற்று. சப்பாத்தின் விலை சரிந்தது. அவரோ 37ஆவது வயதை எட்டுவதற்கு முன்னரே, 1889இல், காசநோயால் மறைந்தார்.

பின்னர் வந்தது பாட்டா. இன்றைய செக் குடியரசின் சிலின் நகரில் 1894இல் தோமஸ் பாட்டா தமது சகோதரருடனும் சகோதரியுடனும் தொடங்கிய பட்டறை அது. 1922இல், பொருளாதார மந்தத்தின் நடுவே, அவர் தமது சப்பாத்துகளின் விலையைப் பாதியாகக் குறைத்து உலகையே திரும்பிப் பார்க்க வைத்தார். அந்தப் பெயர் நமது நாட்டில் நிறுவனத்தின் எல்லையைத் தாண்டிப் பொருளின் பெயராகவே மாறிவிட்டது. யார் செய்த இறப்பர்ச் செருப்பாயினும் நமது வீடுகளில் அது 'பாட்டா'தான். சிங்கள மக்களுக்கும் அப்படியே. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், யப்பானியரின் ஸோரி என்ற செருப்பின் சாயலில் உலகெங்கும் பரவிய இந்த எளிய பொருளை நான் சாமானியமாக நினைப்பதில்லை. அரசனுக்கு மட்டும் என்றும், சாதிமானுக்கு மட்டும் என்றும் இருந்த ஒன்றை எவரும் வாங்கக்கூடியதாக ஆக்கியதில் சட்டத்துக்கும் போராட்டத்துக்கும் உள்ள பங்கு பெரிது. மலிவான இறப்பருக்கும் அதிலே சிறிது பங்கு உண்டு.

இத்தனையும் கடந்து நமக்குக் கிடைத்திருக்கும் ஒரு வசதியை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம்? கடையின் கண்ணாடியில் பளபளப்பைப் பார்க்கிறோம், இலக்கத்தைச் சொல்கிறோம், வாங்கி வருகிறோம். 1920களில் அமெரிக்கரான சார்ள்ஸ் பிரனொக் அமைத்த அளவுக் கருவி பாதத்தின் நீளத்தை மட்டுமன்றி அகலத்தையும், பெருவிரலின் மூட்டு அமையும் இடத்தையும் அளந்தது. பாதம் ஒற்றை இலக்கமன்று என்பதே அதன் பாடம்.

என்னுடைய முறை எளிமையானது. சப்பாத்து வாங்குவதற்கு மாலை வேளையிலேயே செல்வேன். பகல் முழுவதும் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். அந்த அளவுக்குப் பொருந்துவதே எந்த வேளைக்கும் பொருந்தும். வழமையாக அணியும் காலுறையுடன் செல்வேன். நம்மில் பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரியது. ஆகவே இரண்டு காலிலும் போட்டு, எழுந்து நின்று, பெரிய பாதத்தையே நீதிபதியாக்குவேன். நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருக்கவேண்டும். பாதத்தின் அகன்ற பகுதியில் இறுக்கம் கூடாது. குதிக்கால் வழுக்கக்கூடாது. போகப் போகச் சரியாகிவிடும் என்று விற்பனையாளர் சொல்வதை நான் ஏற்பதில்லை. தோல் சிறிது நெகிழும் என்பது உண்மை. ஆனால் குறைந்த நீளம் ஒருபோதும் கூடுவதில்லை.

நமது காலநிலைக்கென்று மேலும் ஓர் எச்சரிக்கை. விசேட நாட்களுக்கென்று பெட்டியிலே வைத்துப் பாதுகாத்த சப்பாத்தின் அடி, திருமண வீட்டு வாசலில் தூள்தூளாக உதிர்வதைப் பலர் கண்டிருப்பர். பொலியுரித்தேன் எனப்படும் பொருளாலான அடிகள் ஈரப்பதத்தினால் உள்ளிருந்தே சிதைகின்றன. கொழும்பு போன்ற ஈரக் காற்றுள்ள நகரில், அணியாமல் வைத்திருப்பது பாதுகாப்பன்று. நல்ல சப்பாத்தை அடிக்கடி அணிய வேண்டும். ஒருநாள் அணிந்ததை மறுநாள் உலரவிட வேண்டும். இரண்டு சோடிகளை மாற்றி மாற்றி அணிபவருக்கு இரண்டுமே நெடுநாள் உழைக்கும்.

அழகு பற்றிக் கேட்பீர்களாயின், நான் அழகுக்கு எதிரியல்லன். துடைத்து மினுக்கிய கறுப்புத் தோற் சப்பாத்துக்கு நிகரான கம்பீரம் வேறெதற்கும் இல்லை என்று கருதுபவன். ஆனால் நொண்டி நடப்பவனின் காலில் எந்தச் சப்பாத்தும் அழகாகத் தோன்றாது. நிமிர்ந்த நடைதான் உடையின் பாதி. அந்த நடையைப் பாதத்துக்குப் பொருந்திய சப்பாத்து மட்டுமே தரும்.

பிள்ளைகளின் விடயத்தில் இது இன்னும் முக்கியமானது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின்னர் பாதணிகளின் விலை பல பெற்றோருக்கு எட்டாததாயிற்று. வசதி குறைந்த பாடசாலைகளின் மாணவர்களுக்கு அரசு பாதணி வவுச்சர் வழங்கும் நிலை ஏற்பட்டது. வளரும் பிள்ளைதானே என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவதும், பழையதுக்குள் விரலை மடக்கித் திணிப்பதும் வறுமை கற்றுக்கொடுத்த உபாயங்கள். அவற்றைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. வசதியுள்ளவர்களுக்கு ஒன்று மட்டும் சொல்வேன். பிள்ளையின் சப்பாத்தை வாங்கும்போது பிள்ளையையும் கடைக்கு அழைத்துச் செல்லுங்கள். போட்டு நடக்க விடுங்கள். கடிக்கிறது என்று பிள்ளை சொன்னால் நம்புங்கள். பாதம் சொல்வதைக் கேட்பதற்கு இந்த உலகம் நெடுங்காலம் எடுத்துக்கொண்டது. நாமும் அவ்வாறு தாமதிக்கவேண்டியதில்லை.